ஒரு படைக் கம்பெனியைக்கூட நடத்தாதவர் மூன்று போர்களை வென்றது எப்படி? மோல்ட்கே பற்றிய இழை

#1 தெற்குவெளி

இரண்டு மாதமாக ஹெல்முத் ஃபான் மோல்ட்கே பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் சொல்வது பெரிய மோல்ட்கேயை, 1800இல் பிறந்தவரை. 1914இல் ஜெர்மன் படையை நடத்தியவர் இவருடைய தம்பி மகன். போன முறை பிரஷ்யா பற்றிய இழையில் இருவரையும் குழப்பி 20 பதிவு ஓடியது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பிடிபடாத விஷயம் இதுதான். 1857 அக்டோபர் 29ஆம் தேதி இவரைப் பிரஷ்ய (வட ஜெர்மன் அரசு) ஜெனரல் ஸ்டாஃபின், அதாவது படைக்குத் திட்டம் போடுகிற அலுவலகத்தின், தலைவராக நியமிக்கிறார்கள். அப்போது வயது 57. அதுவரை ஒரு கம்பெனியைக்கூட (நூறு, இருநூறு சிப்பாய்கள் உள்ள படைப்பிரிவு) நேரடியாக நடத்தியதில்லை. வரைபடம் வரைந்தார், கட்டுரை எழுதினார், இளவரசர்களுக்கு உதவியாளராக ஊர் ஊராகப் போனார். ஓய்வூதியத்துக்கு மனுப் போடுகிற வயதில் பதவிக்கு வந்து, 1864இல் டென்மார்க், 1866இல் ஆஸ்திரியா, 1870இல் பிரான்ஸ் என்று வரிசையாக மூன்று போர்.

இது தனிமனிதத் திறமையா, பிரஷ்யாவின் துப்பாக்கியும் பணமும் செய்த வேலையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஈட்டி

துப்பாக்கிதான். வேறு என்ன? 1866இல் பிரஷ்யச் சிப்பாய் கையில் ட்ரைஸ ஊசித் துப்பாக்கி. பின்பக்கமாகக் குண்டு போடுவது, தரையில் படுத்துக்கொண்டே நிரப்பலாம். ஆஸ்திரியன் வைத்திருந்த லோரென்ஸ் துப்பாக்கிக்கு முன்பக்கமாக மருந்து கெட்டிக்க வேண்டும், அதற்கு எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நிற்கிறவனைப் படுத்திருக்கிறவன் சுடுகிறான். இதில் மேதைமைக்கு எங்கே இடம்?

#3 மழைக்காகிதம்

ஒரு சின்னத் திருத்தம், தெற்குவெளி. "நடத்தியதே இல்லை" என்பது முழுக்கச் சரியில்லை. துருக்கியில் ஒரு நாள் நடத்தினார். அன்றைக்குத் தோற்றார்!

1835இல் விடுப்பில் கான்ஸ்டான்டினோபிள் பார்க்கப் போனவரை, சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தன் படையைச் சீர்திருத்தித் தரச் சொல்லி நிறுத்திக்கொண்டார். நாலு வருஷம் அங்கேயே. பாஸ்பரஸ் கரையெல்லாம் அளந்து நகரத்துக்கு வரைபடம் போட்டார். ஊதிய ஆட்டுத்தோல்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் யூப்ரடீஸ் ஆற்றில் இறங்கிப் போனார். பிறகு எகிப்தியப் படையை எதிர்க்கப் போன ஹஃபிஸ் பாஷாவுக்கு ஆலோசகரானார்.

நிஸிப் என்ற இடத்தில் எகிப்தியர்கள் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு வருவதைப் பார்த்து, "பிரேஜிக்கில் அரண் போட்டு வைத்திருக்கிறோம், அங்கே பின்வாங்கிவிடலாம்" என்று பாஷாவிடம் சொல்லியிருக்கிறார். பின்வாங்குவது கேவலம் என்று பாஷா மறுத்துவிட்டார். முல்லாக்கள் பேச்சு அவருக்குப் பெரிதாகப் பட்டது. சரி, நடப்பது நடக்கட்டும் என்று மோல்ட்கே பீரங்கிகளைப் பார்த்துக்கொண்டார். 1839 ஜூன் 24. சில மணி நேரத்தில் படை சிதறி ஓடிவிட்டது. தோற்ற செய்தி தலைநகருக்குப் போய்ச் சேர்வதற்குள் சுல்தானே இறந்துபோனார்.

அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1841இல் புத்தகமாக வந்தன. போரைவிடத் தெருவும் சந்தையும் ஆறும்தான் அதில் அதிகம். என்னைக் கேட்டால் இவர் அடிப்படையில் எழுத்தாளர், சம்பளத்துக்காகப் பட்டாளத்தில் இருந்தவர்.

#4 ஈசல்

ஆலோசகர் பேச்சைக் கேட்காத மேலதிகாரி எல்லா நாட்டிலும் உண்டு போல :)

#5 பழைய கார்டு

ஈட்டி தம்பிக்குத் துப்பாக்கி கண்ணில் படுகிறது, எனக்கு ரயில்தான் படுகிறது. 34 வருஷம் ரயில் கார்டாக வண்டியில் போனவன், அப்படித்தான் படும்.

மோல்ட்கே 1840களிலேயே பெர்லின் – ஹாம்பர்க் ரயில் கம்பெனியில் இயக்குநர். சேமிப்பையும் அதில் போட்டார். 1843இல் ரயில் பாதைக்கு இடம் தேர்வதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். அன்றைக்கு ராணுவ அதிகாரிகளில் பாதிப் பேர் ரயிலை வியாபாரிகள் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

1866க்கு வருவோம். ஆஸ்திரியா முதலிலேயே படை திரட்ட ஆரம்பித்துவிட்டது. பிரஷ்ய அரசர் வில்ஹெல்முக்கு மனசே வரவில்லை, சகோதர ஜெர்மானியர்களோடு சண்டையா என்று இழுத்தடித்தார். இழந்த வாரங்களைப் பிடிக்க வேண்டும். மோல்ட்கேயின் மேஜையில் இருந்த கணக்கு: எல்லைப் பக்கம் போக நம்மிடம் ஐந்து ரயில் பாதை, ஆஸ்திரியர்களுக்கு வியன்னாவிலிருந்து வடக்கே ஒன்றே ஒன்று.

ஒற்றைப் பாதையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் விடலாம். அதற்கு மேல் யார் உத்தரவு போட்டாலும் போகாது. போன வண்டி ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்ப வேண்டும். எதிரே வருகிற வண்டி லூப் லைனில் ஒதுங்கி நிற்க வேண்டும். கடைசி ஸ்டேஷனில் குதிரையை இறக்க ரேம்ப் வேண்டும், தண்ணீர் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் அங்கேயே அடைத்துக்கொள்ளும்.

அதனால் ஐந்து பாதையும் எங்கெங்கே எல்லையைத் தொடுகிறதோ அங்கங்கே இறக்கினார். 21 நாளில் 1,97,000 ஆட்கள், 55,000 குதிரைகள். பாதைகள் விரிந்து கிடந்ததால் படையும் 400 கிலோமீட்டருக்கு மேல் விரிந்துபோய் நின்றது. "பிரிந்து போ, சேர்ந்து அடி" என்று இன்றைக்குப் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்களே, அது முதலில் ஒரு டைம்டேபிள் நெருக்கடி. பிரிந்து போக வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது, இனி சண்டைக்களத்தில்தான் சேர்ந்தாக வேண்டும். தொழில் தெரிந்த ராணுவத்தார் பல பேர் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றே சொன்னார்கள்.

சொந்த அனுபவம் ஒன்று. ஒருமுறை ராணுவ ஸ்பெஷல் ஒன்றைக் கொண்டுபோனேன். ஸ்டேஷன் பெயர் வேண்டாம். வண்டி சரியான நேரத்துக்குப் போய்விட்டது. ஆனால் ரேம்ப் இருக்கிற லைனில் உர வேகன்கள் நின்றன. ஜீப்புகளை இறக்க வழியில்லை. ஏழு மணி நேரம் பிரேக் வேனில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். சுபேதார் என்னை முறைக்கிறார், நான் ஸ்டேஷன் மாஸ்டரை முறைக்கிறேன், அவர் போனைக் கீழே வைக்கவே இல்லை. வண்டி ஓடுவது பாதி வேலைதான் ஐயா. இறக்குவதுதான் மீதி.

#6 தெற்குவெளி

கார்டு ஐயா, இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. மேதையின் திட்டம் என்று நினைத்தது ரயில் அட்டவணைக்குப் பிறந்த குழந்தையா!

#7 ஈட்டி

கார்டு ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அதே ரயில்தான் பிறகு காலை வாரியது, அதையும் சொல்ல வேண்டும். ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள், சாப்பாடு போகவில்லை. பின்னால் வந்த சரக்கு வேகன்கள் கடைசி ஸ்டேஷன்களில் இறக்க ஆளில்லாமல் நின்றன. ரொட்டி பூசணம் பிடித்தது, தீவனம் அழுகியது. ஆஸ்திரியாவின் போஹீமியாவுக்குள் நுழைந்த படை ஊர்க்காரர்களின் பானையைத் தடவித்தான் சாப்பிட்டது.

அங்கே ஆஸ்திரியாவோடு நடந்த பெரிய சண்டையான கோனிக்கிராட்ஸையும் பாருங்கள். 1866 ஜூலை 3. முந்தைய இரவுதான் எதிரி எங்கே இருக்கிறான் என்பதே உறுதியானது. பிரஷ்யப் பட்டத்து இளவரசரின் இரண்டாம் படையோடு தந்தித் தொடர்பு கிடையாது. நவீனப் போரின் தந்தை என்கிறோம், அவர் நள்ளிரவில் ஓர் அதிகாரியைக் குதிரையில் ஏற்றி உத்தரவைக் கொடுத்து அனுப்புகிறார். ஃபின்கென்ஸ்டைன் என்ற அந்த அதிகாரி இருட்டில் வழி தவறியிருந்தாலோ குதிரை கால் இடறியிருந்தாலோ, இன்றைக்கு இந்த இழையே இல்லை.

#8 மழைக்காகிதம்

அந்த நாளைப் பற்றி எனக்குப் பிடித்த காட்சி ஒன்று. மதியம் வரை பிரஷ்யப் பக்கம் திணறல். ஸ்வீப் காட்டுக்குள் ஃபிரான்சேக்கியின் டிவிஷன் ஆஸ்திரியப் பீரங்கிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. இளவரசரின் படை வந்தபாடில்லை. அரசர் பதறுகிறார். மோல்ட்கே, "மாட்சிமை பொருந்தியவர் இன்றைக்கு வெல்லப்போவது இந்தச் சண்டையை மட்டுமல்ல, இந்தப் போரையே" என்கிறார்.

அரசருக்கே இல்லாத நம்பிக்கை பிரதமர் பிஸ்மார்க்குக்கு எப்படி வரும்? அவர் தன் சுருட்டுப் பெட்டியை மோல்ட்கேயிடம் நீட்டினார். மோல்ட்கே அவசரமே இல்லாமல் சுருட்டுகளைப் பார்த்து, அதில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்து எடுத்துக்கொண்டார். சுருட்டுத் தேர இவருக்கு நிதானம் இருக்கிறதென்றால் நிலைமை மோசமில்லை என்று பிஸ்மார்க்கின் பயம் போய்விட்டதாம். இதைப் பிஸ்மார்க்கே பிற்காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மணி வாக்கில் இளவரசரின் படை பக்கவாட்டில் வந்து இறங்கியது.

அன்றைக்கு மோல்ட்கேயின் உத்தரவைக் கையில் வாங்கிய ஒரு டிவிஷன் தளபதி, "எல்லாம் சரி, ஆனால் யார் இந்த ஜெனரல் மோல்ட்கே?" என்று கேட்டதாகவும் கதை உண்டு. கேட்டிருக்கவும் கூடும். படைகளுக்கு நேரடியாக உத்தரவு போடுகிற அதிகாரமே அவருக்கு ஜூன் 2ஆம் தேதிதான் கிடைத்தது. அதற்கு முன்னால் அவருடைய அலுவலகம் போர் அமைச்சகத்தின் மூலையில் இருந்த வரைபட அறை மாதிரிதான்.

#9 வடகடல்

வணக்கம். நான் டென்மார்க்கில் 30 வருடமாக இருக்கிறேன். பிள்ளைகள் இங்கேதான் படித்தவர்கள். பள்ளிக்கூடத்தில், 1864இல் பிரஷ்யர் பிடித்த டுப்பெல் களத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். மேட்டில் ஒரு வெள்ளைக் காற்றாலை, பக்கத்தில் மண் அரண்கள், எல்லாப் பக்கமும் புல். 1864 ஏப்ரல் 18 என்ற தேதியை இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். அந்தப் போரோடு ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன், லாவன்பர்க் மூன்றும் போய்விட்டன. அரசரின் கீழ் இருந்த நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு.

மோல்ட்கே என்றால் இங்கே உள்ளவர்களுக்கு ஒரு கசப்பு, அதற்குக் காரணம் உண்டு. அவர் டென்மார்க் வளர்த்த பிள்ளை. பிறந்தது மெக்லன்பர்க்கில் பார்ஷிம் என்ற ஊரில் என்றாலும், தகப்பன் டேனிஷ் சேவைக்கு மாறிய அதிகாரி. 1806இல் நெப்போலியன் படை லூபெக்கைச் சூறையாடியபோது குடும்பத்தின் சொத்தும் போனது. இலவசமாகப் படிக்கலாம் என்று பையனைக் கோபன்ஹேகன் கடெட் பள்ளியில் விட்டார்கள். அங்கே அன்பு என்று ஒன்றைக் காணவில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். டேனிஷ் அரசரிடம் பணியாள் பையனாக நின்று, டேனிஷ் ரெஜிமெண்டில் லெப்டினன்ட் ஆனார். 1822இல்தான் பிரஷ்யாவுக்கு மாறினார். 42 வருடம் கழித்து, தனக்குச் சோறு போட்ட நாட்டை அடிக்கத் திட்டம் எழுதினார்.

#10 ஈட்டி

ஆக, டுப்பெல்லையும் அவர்தான் பிடித்தார்.

#11 வடகடல்

இல்லை அண்ணை, இதை இங்கே உள்ளவர்களும் பிழையாகக் கதைப்பார்கள். டுப்பெல் விழும்போது மோல்ட்கே களத்தில் இல்லை, பெர்லினில் இருந்தார். படையை நடத்தியவர் 80 வயதான ரேங்கல். டேனிஷ் படை டானவிர்க்க அரணை விட்டுப் பின்வாங்க முதலே சுற்றி வளைத்துப் பிடிக்க வேண்டும் என்பது மோல்ட்கேயின் யோசனை. அது நடக்கவில்லை. பிப்ரவரி 5ஆம் தேதி இரவோடு இரவாக, பனியில், டேனியர் அரணை விட்டு நழுவிவிட்டார்கள். அதற்குப் பிறகு மே மாதத்தில்தான் மோல்ட்கே களத்துக்கு வந்தார். ஜூன் 29இல் ஆல்ஸ் தீவுக்குப் படகில் கடந்து பிடித்தது அவர் வந்த பிறகு நடந்தது. அதோடு டென்மார்க் சமாதானத்துக்கு வந்துவிட்டது.

#12 தெற்குவெளி

வடகடல், இந்தத் தேதிக் கணக்கில் நானும் தடுமாறியிருந்தேன். நன்றி.

ஈட்டி, 1870க்கு உங்கள் துப்பாக்கி வாதம் ஓடாதே? அப்போது பிரெஞ்சுக்காரனின் ஷாஸ்போ துப்பாக்கிதான் நல்லது. ட்ரைஸயைப் போல இரண்டு மடங்கு தூரம் சுட்டது.

#13 ஈட்டி

ஓடாதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1870இல் ஜெர்மனியின் க்ருப் (Krupp) கம்பெனியின் எஃகுப் பீரங்கிகள் அந்தக் குறையை ஈடுகட்டின. ஒன்று போனால் ஒன்று!

சரி, வேறு பக்கமிருந்து வருகிறேன். 1870இல் தொடக்கச் சண்டைகளில் எதை மோல்ட்கே திட்டமிட்டார்? ஆகஸ்ட் 6ஆம் தேதி ஸ்பிக்கரனில் ஒரு டிவிஷன் தளபதி மேலிருந்து உத்தரவில்லாமலே மேட்டின்மேல் பாய்ந்தார். அதற்கு முன்பே முதல் படையின் தலைவர் ஸ்டைன்மெட்ஸ், இரண்டாம் படை போக வேண்டிய சாலைகளில் தன் ஆட்களை நுழைத்துவிட்டிருந்தார். 73 வயது, நெப்போலியனை எதிர்த்துச் சின்ன வயதில் சண்டை போட்டவர், யார் சொன்னாலும் கேட்க மாட்டார். ஆகஸ்ட் 18, கிராவலோட்டில் அதே ஸ்டைன்மெட்ஸ் ஒரு பள்ளத்தாக்கின் வழியாக அலையலையாக ஆட்களை அனுப்பிச் சாகடித்தார். சாயங்காலத்தில் புதிதாக வந்த இரண்டாம் கோர்ப்ஸையும் (பல டிவிஷன் சேர்ந்த பெரும்படை) அதே பள்ளத்துக்குள் அனுப்பினார்கள், மோல்ட்கே பக்கத்தில் நிற்கும்போதே. வடக்கே சென் ப்ரீவா சரிவில் அரசரின் காவல்படை அரை மணி நேரத்தில் சுமார் 8,000 பேரை இழந்தது. மொத்தம் ஜெர்மன் தரப்பில் 20,000 பேர். பிரெஞ்சுத் தரப்பில் அதைவிடக் குறைவு. இதற்குப் பெயர் திட்டமா?

#14 பழைய கார்டு

தம்பி, அந்த இரண்டாம் கோர்ப்ஸ் விஷயத்தில் மோல்ட்கே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கவில்லை. கடைசிக் காலத்தில் அந்தப் போரின் வரலாற்றை எழுதும்போது, அவ்வளவு நேரம் கழித்து அந்தப் படை போக, அங்கேயே இருந்த ஜெனரல் ஸ்டாஃப் தலைவர் சம்மதித்திருக்கக் கூடாது என்று எழுதிவைத்தார். அந்தத் தலைவர் அவரேதான். "நான்" என்று சொல்லாமல் பதவியைச் சொன்னார், ஆனால் சொன்னார். நான் பார்த்த விசாரணை அறிக்கைகளில் இப்படி ஒரு வரியைத் தேடினாலும் கிடைக்காது. பழி எப்போதும் பாயிண்ட்ஸ்மேன் தலையில்.

ஸ்டைன்மெட்ஸை என்ன செய்தார்கள் தெரியுமா? செப்டம்பரில் களத்திலிருந்து எடுத்து, போசன், சைலீசியா மாகாணங்களுக்குக் கவர்னர் ஜெனரல் என்று அனுப்பிவிட்டார்கள். மறுவருஷம் ஃபீல்டு மார்ஷல் பட்டமும் கொடுத்தார்கள். பதவி உயர்வோடு ஓரங்கட்டுவது!

#15 தெற்குவெளி

திட்டமா என்று ஈட்டி கேட்டதற்கு மோல்ட்கே தானே பதில் எழுதியிருக்கிறார். எதிரியின் முக்கியப் படையோடு முதல் மோதல் நடக்கும்வரைதான் எந்தத் திட்டத்துக்கும் உறுதி உண்டு, அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்பது அவர் கருத்து. அதனால் அவர் மாற்றமில்லாமல் திட்டமிட்டது முதல் மோதல் வரைக்குமானதை: யார், எந்த வண்டியில், எந்த நாளில், எங்கே இறங்குவது. 1870இல் 18 நாளில் 4,62,000 பேரைப் பிரெஞ்சு எல்லைக்குக் கொண்டுவந்தது அந்தத் தயாரிப்பு. அதே நேரத்தில் பிரான்ஸில் சிப்பாய் தன் ரெஜிமெண்டைத் தேடி ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்துகொண்டிருந்தான்.

அதற்கப்புறம் கீழே இருப்பவர்களுக்கு என்ன நோக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டு, எப்படி என்பதை அவர்களிடமே விட்டுவிடுவார். ஸ்டைன்மெட்ஸ் மாதிரி ஆள் கிடைத்தால் அது ரத்தத்தில் முடிகிறது. ஆனால் ஸ்பிக்கரனில் பீரங்கிச் சத்தம் கேட்டதும் சுற்றியிருந்த படைகள் யாரையும் கேட்காமல் ஓடி வந்து சேர்ந்ததும் அதே பழக்கத்தால்தான். கிராவலோட்டுக்கு இரண்டு வாரம் கழித்து, செடானில் பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன் III மாட்டினார். அது வேறு கதை, எல்லாருக்கும் தெரிந்தது.

#16 ஈசல்

மனைவி, பிள்ளை குட்டி உண்டா இவருக்கு? ஏழு மொழியில் மௌனமாக இருப்பவர் என்று இவரைச் சொல்வார்களாமே. வீட்டில் எப்படி?

#17 மழைக்காகிதம்

ஈசல் கேட்டதால் சொல்கிறேன், இந்தப் பகுதிதான் எனக்கு இஷ்டம்.

மனைவி மேரி பர்ட், ஆங்கிலேயப் பெண். மோல்ட்கேயின் தங்கை அகஸ்ட் ஓர் ஆங்கிலேயரை மணந்தார். அவருடைய முதல் மனைவியின் மகள்தான் மேரி. துருக்கியிலிருந்து மாமா எழுதிய கடிதங்களை வீட்டில் சத்தம்போட்டுப் படிக்கக் கேட்டே அந்தப் பெண்ணுக்கு இவர்மேல் ஈர்ப்பு வந்தது என்பார்கள். 1842இல் கல்யாணம். இவருக்கு 41, அவளுக்கு 16. இன்றைக்கு நமக்கு உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். ஆனால் இருவரும் கடைசிவரை நெருக்கமாக இருந்தார்கள் என்பதற்கு அவர் எழுதிய கடிதங்கள் சாட்சி. குழந்தை இல்லை.

பணக் கஷ்டம் வேறு. இளவயதில் குதிரை வாங்கக் காசில்லாமல், கிப்பன் எழுதிய ரோமப் பேரரசின் வீழ்ச்சி வரலாற்றை ஜெர்மனில் மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டார். 12 தொகுதியில் 9 தொகுதியை 18 மாதத்தில் முடித்தார். பதிப்பாளர் புத்தகத்தையே கொண்டுவரவில்லை. பேசிய தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம்.

1866 வெற்றிக்குக் கிடைத்த பரிசுப் பணத்தில் 1867இல் சைலீசியாவில் கிரைசாவ் என்ற பண்ணையை வாங்கினார். மறுவருஷம், 1868 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், மேரி காய்ச்சலில் இறந்துபோனாள். பண்ணையில் ஒரு சின்னக் குன்றின்மேல் அவளுக்குக் கல்லறைக் கோயில் கட்டினார். ஊரில் இருக்கும் நாளெல்லாம் அங்கே போய்விட்டு வருவார்.

#18 ஈட்டி

கடிதம், காதல், கல்லறை எல்லாம் சரி. பாரிஸ் முற்றுகையில் இவர் பேசியதையும் போடுங்கள். செடானுக்குப் பிறகும் பிரெஞ்சுக்காரர்கள் ஓயாமல் சண்டை போட்டபோது, பாரிஸ் விழுந்தாலும் நிறுத்தக் கூடாது, தெற்கே போய் அவர்களுடைய கடைசி வலுவையும் உடைக்க வேண்டும் என்றவர் இவர். பிஸ்மார்க்குக்குச் சீக்கிரம் சமாதானம் வேண்டியிருந்தது. இருவருக்கும் பேச்சே அறுந்துபோகிற நிலை. 1871 ஜனவரி 25இல் அரசர் பிஸ்மார்க் பக்கம் சாய்ந்து உத்தரவு போட்டதால்தான் தப்பித்தது. போர் ஆரம்பித்தால் அரசியல்வாதி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தவர் மோல்ட்கே. அந்தப் பழக்கம் அவருக்குப் பிறகு வந்தவர்களிடம் என்ன ஆனது என்று 1914 சொல்லும். (தெற்குவெளி திட்ட வேண்டாம், பெயர் சொல்லவில்லை!)

நிரந்தர அமைதி என்பது கனவு, அதுவும் அழகான கனவுகூட இல்லை என்று 1880இல் கடிதம் எழுதியதும் இவர்தான்.

#19 தெற்குவெளி

எழுதினார். பத்து வருஷம் கழித்து, 1890 மே 14இல், அதே மனிதர் நாடாளுமன்றத்தில் எழுந்து, இனி வரும் போர் அரசர்களின் போராக இருக்காது, மக்களின் போராக இருக்கும், ஏழு வருஷம் நடக்கலாம், முப்பது வருஷமும் நடக்கலாம், ஐரோப்பாவுக்குத் தீ வைக்கிறவனுக்குக் கேடு என்றார். 89 வயதுக் கிழவர். இரண்டையும் ஒரே ஆள் சொன்னதாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அவர் குரலையே கேட்கலாம் தெரியுமா? 1889 அக்டோபரில் எடிசனின் ஆள் ஒருவர் மெழுகு உருளைக் கருவியோடு கிரைசாவுக்குப் போனார். கிழவர் கருவியைப் பாராட்டிவிட்டு, கல்லறையில் வெகுநாளாகக் கிடக்கிற மனிதன்கூட மறுபடி குரல் எழுப்பி நிகழ்காலத்துக்கு வணக்கம் சொல்ல முடிகிறதே என்கிறார். அப்புறம் ஹாம்லெட்டிலிருந்தும் ஃபாவ்ஸ்டிலிருந்தும் சில வரிகள். எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி இரைச்சல், அதற்குப் பின்னால் எங்கிருந்தோ வருகிற மெல்லிய குரல். 1800இல் பிறந்த ஒருவரின் குரல்! நேற்று ராத்திரி மூன்று தடவை கேட்டேன்.

#20 பழைய கார்டு

நேற்று பேத்தி போட்டுக் காட்டினாள், கேட்டேன்.

என் பங்குக்கு அவருடைய இன்னொரு பேச்சு. 1891 மார்ச் 16, சாவதற்கு ஐந்து வாரம் முன்னால், நாடாளுமன்றத்தில் அவர் பேசிய கடைசிப் பேச்சு. எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? கடிகாரம். நாடு ஒன்றாகி 20 வருஷம் ஆகியும் ஜெர்மனியில் ஐந்து நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வடக்கே பெர்லின் நேரம், பவேரியாவில் மியூனிக் நேரம், வுர்ட்டம்பெர்க்கில் ஸ்டுட்கார்ட் நேரம், பாடனில் கார்ல்ஸ்ரூவ நேரம், ரைன் பக்கம் லுட்விக்ஸ்ஹாஃபன் நேரம். சிதறிக் கிடந்த பழைய ஜெர்மனியின் மிச்சமாக நிற்கிற இடிபாடு இது, எடுத்துவிடுங்கள் என்றார். படையை ரயிலில் ஏற்றுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய தலைவலி என்று எனக்குத் தெரியும்.

நம் பக்கம் இதே காலத்தில் ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. மெட்ராஸ் வானாய்வு நிலையத்தின் கடிகாரம், இப்போதைய இந்திய நேரத்துக்கு 9 நிமிஷம் பின்னால். பம்பாய்க்காரர்கள் ஊருக்குள் ஒரு நேரம், ஸ்டேஷனில் ஒரு நேரம் என்று இரண்டு கடிகாரம் பார்த்தார்கள்.

கிழவர் ஏப்ரல் 24இல் போய்விட்டார். அவர் கேட்ட ஒரே நேரம் ஜெர்மனி முழுக்க 1893 ஏப்ரல் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது.

#21 ஈசல்

கார்டு ஐயா, அந்த உர வேகன் கதையில் கடைசியில் ஜீப்பை எப்படி இறக்கினீர்கள்?

#22 பழைய கார்டு

ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி, நாங்களே ரேம்ப் போட்டு. சுபேதார்தான் முதல் கட்டையைத் தூக்கினார்.